மூடியில் இருந்த ரத்தம்

அத்தியாயம் 7

தந்திக் கம்பத்தில் கட்டிவைத்திருந்த உத்திராபதியின் வாயிலிருந்து ஒரு பல் தெறித்து மாரிக்கண்ணுவின் காலடியில் விழுந்தது.

அதற்கு மேல் மாரிக்கண்ணு யோசிக்கவில்லை. காரைக்கால்மேட்டில் பதினைந்து வருஷம் வலை இழுத்த தோள் அவனுடையது. அந்தத் தோளால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், சவுக்குக் கட்டையை ஓங்கியிருந்தவனின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். கட்டை விழுந்தது. பின்னாலிருந்து எவனோ செங்கல்லால் ஒன்று போட்டான். காதோரம் கிழிந்து கழுத்தில் ரத்தம் சூடாக இறங்கியது.

"யாருடா அது தலையில தட்டிக் கூப்புடுறது? பேரைச் சொன்னா திரும்ப மாட்டேனா?" என்று திரும்பிய மாரிக்கண்ணு, செங்கல்காரனின் மூக்கில் நெற்றியால் மோதினான். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

தலத்தெருவே அங்கே திரண்டிருந்தது. தெருக்கோடியில் இருந்த தலைவலித் தூள் கம்பெனியின் ரசாயனக்காரர் சோமசேகரன் காலை ஏழு மணிக்குத் தன் ஆய்வுக்கூடத்திலேயே மண்டை பிளந்து கிடந்தார். சட்டையெல்லாம் ரத்தத்தோடு அந்த அறையிலிருந்து வெளியே வந்தவர் காவல்காரர் உத்திராபதி. அவ்வளவு போதும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. காவலுக்கு வந்த இரண்டு கான்ஸ்டபிள்களின் தொப்பி எந்தப் பக்கம் போனதென்றுகூடத் தெரியவில்லை.

"கயித்த அவுருங்க."

குரல் உரக்க இல்லை. ஆனாலும் கூட்டம் வழி விட்டது. முகம்மது இப்ராஹிம், சைகோனில் பன்னிரண்டு வருஷம் பிரெஞ்சுப் போலீஸில் இருந்தவர். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியும் ஊரில் யார் வீட்டில் என்ன காணாமல் போனாலும் ஜனங்கள் முதலில் அவர் வாசலுக்குத்தான் வந்தார்கள். மாரிக்கண்ணு அவருக்கு வலது கை. சில சமயம் இரண்டு கையும்.

"கொலைகாரன் பாய் இவன்! சட்டையப் பாருங்க, முழுக்க ரத்தம்!" என்று ஒருவன் கத்தினான்.

"சட்டையில ரத்தம் இருந்தா கொலைகாரனா? இப்ப உங்கள்ல பத்துப் பேரு சட்டையில இருக்கே. எல்லாரையும் கட்டிடலாமா?"

முன்வரிசையில் நின்றவர்கள் தங்கள் சட்டையைக் குனிந்து பார்த்தார்கள்.

"பேரளத்துலேருந்து பன்னெண்டு மணி ரயில்ல இன்ஸ்பெக்டர் வர்றாரு. அதுவரைக்கும் உத்திராபதி என் பொறுப்பு. அதுக்குள்ள ஆளப் புடிக்கலேன்னா இதே கம்பத்துல என்னையும் சேத்துக் கட்டுங்க."

"ரெண்டு பேருக்கு மேல கயிறு பத்தாது பாய்," என்றான் மாரிக்கண்ணு, காதைத் துண்டால் அழுத்திக்கொண்டு. "நான் கணக்குல இல்லேன்னு இப்பவே சொல்லிடுங்க."

மணி அப்போது பத்தரை.

ஆய்வுக்கூடம் என்பது வீட்டின் பின்கட்டில் ஓடு வேய்ந்த ஒரு நீள அறை. உள்ளே காலை வைத்ததுமே கொதித்த தேயிலையின் துவர்ப்பும் ஏதோ தித்திப்பான மருந்து வாடையும் அடித்தன. அவற்றுக்கு அடியில் ரத்த வாடை. சோமசேகரனைச் சாக்கால் மூடியிருந்தார்கள். பக்கத்தில் கண்ணாடிப் பாத்திரங்களைப் பொருத்திவைக்கும் இரும்புத் தாங்கி ஒன்று வளைந்து கிடந்தது. இப்ராஹிம் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். உதடு அசைய எண்ணினார்.

"பதினொண்ணு," என்றார். "முதல் அடியிலேயே உயிர் போயிருக்கும். மிச்சம் பத்தும் கோபம்."

மாரிக்கண்ணு எட்டிப் பார்த்தான். முகத்தின் இடப்பக்கம் என்று ஒன்று இல்லை. வாய்க்கு வந்த கிண்டலை விழுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

கம்பெனியின் எஜமானி கமருன்னிசா முக்காட்டை இறுக்கிப் பிடித்தபடி வாசற்படியில் நின்றாள். கணவன் மவுத்தான பிறகு நாலு வருஷமாக இந்தத் தொழிலை ஒற்றை ஆளாக நடத்துகிறவள்.

"நானா," என்று இப்ராஹிமை அண்ணன் முறை வைத்து அழைத்தாள். "உத்திராபதி இதச் செய்யல. ரோசாச் செடியில புழுவக்கூட நசுக்காம எடுத்து வெளிய விடுற ஆளு."

"இங்க என்ன வேல நடக்குது, அதச் சொல்லுங்கம்மா மொதல்ல."

"தேயிலைத் தூள்லேருந்து காஃபீன் எடுக்குறோம். தலைவலித் தூள்ல சேக்குறது." அவள் மேஜையைக் காட்டினாள். "தூளைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வச்சு வடிகட்டணும். நல்லா ஆறினதும் இந்தக் கண்ணாடிப் புனல்ல ஊத்தி, குளோரோஃபார்ம் சேத்து, மூடி போட்டுக் குலுக்கணும். காஃபீன் டீத்தண்ணிய விட்டுட்டு குளோரோஃபார்முல எறங்கிடும். அது கனமில்லியா, அடியில நிக்கும். கீழ இருக்கிற திருகைத் திறந்து அத மட்டும் புடிச்சு ஆவியாக்கினா வெள்ளைவெள்ளையா ஊசி மாதிரி தங்கும்."

"அப்ப மேல நிக்கிற டீத்தண்ணி?" என்று கேட்டான் மாரிக்கண்ணு.

"சாக்கடைக்கு."

"இல்லம்மா. அது நேரா எங்க மேட்டு டீக்கடைக்கு வருது. பத்து வருஷமா அதத்தான் குடிச்சிட்டிருக்கேன்."

இப்ராஹிம் சிரிக்கவில்லை. அவர் பார்வை புனலிலேயே நின்றது. கீழே திருகும் மெல்லிய தண்டும் வைத்த, பெரிய பேரிக்காய் வடிவக் கண்ணாடி. இன்னொரு தாங்கியில் நேராக நின்றது. மேல்பாதியில் பழுப்புத் தண்ணீர், அடியில் தெளிந்த திரவம். புனலின் வாய் திறந்திருந்தது. அதன் கண்ணாடி மூடி பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் கிடத்தி வைக்கப்பட்டிருந்தது. மூடியின் தலையில் கட்டைவிரல் அகலத்துக்குக் காய்ந்த ரத்தம்.

"இந்த மூடியத் தொறந்து வைக்காட்டி என்னாகும்?"

"குலுக்கினா உள்ளார காத்து கட்டும் நானா. அப்பப்ப தொறந்து விடணும். விடலேன்னா மூடி பிச்சுக்கிட்டுப் பறக்கும். தண்ணி சூடா இருந்துட்டா கண்ணாடியே வெடிச்சாலும் வெடிக்கும். சோமசேகரன் சாரு மொத மொத எனக்குச் சொல்லிக் குடுத்ததே அதான்."

இப்ராஹிம் கைக்குட்டையால் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"மாரிக்கண்ணு, இந்த ரத்தம் யாரோடது?"

"செத்தவரோடது."

"யாரு வச்சது?"

"செத்தவரு எந்திரிச்சு வந்து வச்சிருக்க மாட்டாரு..." மாரிக்கண்ணுவுக்குச் சட்டென்று பிடிபட்டது. "கொன்னவன் வச்சான்! கொன்னுட்டு, அப்புறமா மூடியத் தொறந்திருக்கான்!"

"பதினொரு அடி அடிச்சு ஒரு மனுஷனக் கூழாக்கினவன், ஓடுறதுக்கு முன்னாடி நின்னு, கண்ணாடி வெடிச்சிடக்கூடாதுன்னு மூடியத் தொறந்து, அழுக்குப் படாம காயிதத்துல வச்சிருக்கான். புத்தி சொல்லிச் செய்யல அத. கை தானாச் செஞ்சிருக்கு. வருஷக்கணக்கா இந்தப் புனலோட பழகின கை."

"விரல் ரேகை?"

"அழுத்தி இழுபட்டிருக்கு. மெட்ராஸுக்கு அனுப்பினாலும் பத்து நாள் ஆகும்."

பதிலுக்கு ஒரு கல் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது. வெளியே, "நேரமாவுது பாய்!" என்று யாரோ கத்தினார்கள்.

ஏழு மணிக்கு வளாகத்துக்குள் இருந்தவர்கள் மூன்றே பேர். சத்தம் கேட்டு ஓடிப்போய், தலையை மடியில் தூக்கி வைத்ததாகச் சொல்லும் உத்திராபதி. முன்கட்டில் தனியாக இருந்த கமருன்னிசா. நாகப்பட்டினத்திலிருந்து தேயிலைத் தூள் மூட்டை கொண்டு வந்த சுப்ராயன். நாலு மாசமாக இங்கே மூட்டை சுமக்கிறவன், கழுத்திலும் முன்கையிலும் பழைய தீக்காயத் தழும்போடு இருப்பவன். சுண்ணாம்புக் காளவாயில் பட்டது என்று சொல்வான். அவன் வேட்டியிலும் ரத்தம் இருந்தது. பிணத்தைத் தூக்கப் போனபோது ஒட்டியது என்றான். தெருவுக்கு ஓடி, காவல்காரன் கொன்றுவிட்டான் என்று முதலில் கூவியதும் அவன்தான்.

மாரிக்கண்ணு மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தான். உத்திராபதி இந்த அறையைப் பெருக்கக்கூட வந்ததில்லை. சுப்ராயனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, மூட்டைச் சீட்டில் ரேகைதான் வைப்பான். புனலைப் பற்றித் தெரிந்தவள் ஒருத்திதான். அவளைத் திரும்பிப் பார்த்தபோது, இப்ராஹிம் அவளிடம் குனிந்து ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வெளுத்துப்போய்த் தலையாட்டினாள். மாரிக்கண்ணுவுக்கு அது பிடிக்கவில்லை.

பதினொன்றரைக்கு மூன்று பேரும் அறைக்குள் இருந்தார்கள். உத்திராபதியைச் சுவரோரம் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு கண் முழுக்க மூடிவிட்டது. சுப்ராயன் கதவருகே கைகட்டி நின்றான். கமருன்னிசா மேஜையின் மறுபக்கம். தரையிலிருந்த அடுப்பில் ஒரு பித்தளைக் குண்டான் நிறையத் தேயிலை கொதித்துக்கொண்டிருந்தது.

"மாரிக்கண்ணு, செத்தவரு பாதியில விட்ட வேலைய நீ முடி," என்றார் இப்ராஹிம்.

"நானா? பாய், நான் வச்ச மீன் கொழம்பத் தின்னுட்டு எங்க வீட்டுப் பூனை ஊரை விட்டே போயிடுச்சு."

"அந்தப் புனலக் காலி பண்ணிட்டு, குண்டான்லேருந்து ஊத்து."

"கொதிக்குதே?"

"பரவாயில்ல."

கமருன்னிசாவின் வாய் திறந்தது. இப்ராஹிம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டது. மாரிக்கண்ணு புனலைத் துணியால் சுற்றிப் பிடித்து, ஆவி பறக்கும் டீத்தண்ணீரை ஊற்றினான். குளோரோஃபார்மை ஊற்றினான். உள்ளே சடசடவென்று குமிழ் கிளம்பியது. தித்திப்பு வாடை மூக்கில் ஏறித் தலையைச் சுற்றியது.

"இந்தா, வேற மூடி. இதப் போடு. கட்டைவிரலால அழுத்திக்க. குலுக்கு."

அவன் குலுக்கினான். கட்டைவிரலுக்கு அடியில் மூடி துடிப்பது தெரிந்தது, உயிருள்ள மீனின் வாய் மாதிரி.

"பாய், இது என்னமோ உள்ளேருந்து உதைக்குது."

"இன்னும் வேகமா."

அவன் புனலை முகத்துக்கு நேரே தூக்கி வேகமாகக் குலுக்கினான். எதிரே உட்கார்ந்திருந்த உத்திராபதி வீங்காத கண்ணால் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பயமும் இல்லை, ஒன்றும் இல்லை. புனலின் வாயோரம் 'உஸ்' என்று சீறியது. சூடான ஒரு துளி மாரிக்கண்ணுவின் இமையில் தெறித்தது.

"நிறுத்துடா!"

கத்தியது கமருன்னிசா இல்லை.

"தண்டை மேல திருப்பு! திருகைத் திற, காத்த வெளிய விடு! கண்ணு போயிடும்டா, திற!"

அந்தக் குரலுக்கு மாரிக்கண்ணுவின் கை தன்னால் பணிந்தது. புனலைக் கவிழ்த்தான், திருகைத் திருப்பினான். தண்டின் வழியாகக் காற்று நீளமாகப் பீய்ச்சியடித்து ஓய்ந்தது. பிறகு அறையில் குண்டான் கொதிக்கும் சத்தம் மட்டும் இருந்தது.

எல்லோரும் சுப்ராயனைப் பார்த்தார்கள். அவன் இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றிருந்தான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"மூட்டை தூக்குற உனக்கு," என்றார் இப்ராஹிம் மெல்ல, "தண்டை எப்பத் திருப்பணும்னு யாரு சொல்லிக் குடுத்தது?"

சுப்ராயன் நீட்டிய கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டான். அடுத்த கணம் குண்டானை உதைத்தான்.

கொதிக்கும் தேயிலை மாரிக்கண்ணுவின் தொடையிலும் வயிற்றிலும் அப்பியது. அவன் அலறிக்கொண்டு விழுந்தான். புனல் கையிலிருந்து எகிறி மேஜை விளிம்பில் உடைந்தது. சுப்ராயன் அதன் உடைந்த கழுத்தைப் பொறுக்கிக்கொண்டு மேஜையைத் தாண்டிக் குதித்து, கமருன்னிசாவின் முக்காட்டோடு தலைமுடியைச் சுற்றிப் பிடித்து, கண்ணாடி முனையை அவள் தொண்டைக்குழியில் வைத்தான். ரத்தம் ஒரு கோடாக வெள்ளைத் துணியில் இறங்கியது.

"யா அல்லாஹ்..." என்றாள் அவள்.

"யாரும் நகரக் கூடாது." இப்போது அவன் பேச்சே மாறியிருந்தது. மூட்டைக்காரன் பேச்சில்லை, படித்தவன் பேச்சு. "பின்வாசலைத் திறங்க. நான் போனதும் இவங்களை விட்டுடறேன்."

"தொறக்கிறேன். அதுக்கு முன்ன ஒண்ணு. அந்தக் காயம் காளவாயில பட்டது இல்லியே?"

சுப்ராயனுக்கு மூச்சு வாங்கியது. பேசாமல் இருக்க முடியாத இடத்துக்கு அவன் வந்துவிட்டிருந்தான்.

"மெட்ராஸில் ஒரு மருந்துக் கம்பெனி. சோமசேகரன் எங்களுக்கு மேலதிகாரி. என் தம்பியும் நானும் அவருக்குக் கீழே. அங்கே குளோரோஃபார்ம் இல்லை, ஈத்தர். பக்கத்தில் நெருப்பே இருக்கக் கூடாது. அவசரம் அவருக்கு. அடுப்பை அவர்தான் பற்ற வைத்தார். தம்பி கையில் புனல். ஈத்தர் வெளியே பீய்ச்சியது..." அவன் கண்ணாடியை இன்னும் அழுத்தினான், தெரியாமலே. "மூணு நாள் ஆஸ்பத்திரியில் கத்திக்கிட்டே கிடந்து செத்தான். அடுப்பைப் பற்ற வைத்தது நான்தான்னு கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னார் அந்த மனுஷன். அஞ்சு வருஷம் உள்ளே இருந்தேன்."

"அதுக்காகத் தேடி வந்து கொன்னுட்டே."

"கொல்ல வரலை! எழுதி வாங்க வந்தேன். நாலு மாசமா என்னைத் தினம் பார்த்தார், அடையாளம் தெரியலை. இன்னைக்குக் காலையில் சொன்னேன், நான் யாருன்னு. தம்பி செத்தது எப்படின்னு ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க, போயிடறேன்னு கெஞ்சினேன். புனலைக் குலுக்கிக்கிட்டே கேட்டார், 'எந்தத் தம்பி?' பேரே ஞாபகம் இல்லை அவருக்கு. தாங்கியில் வச்சுட்டு, போய் மூட்டையை எறக்குன்னார்."

இப்ராஹிம் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"செய்யாத குத்தத்த உன் தலையில கட்டினாரு. உன் கோபம் எனக்குப் புரியுது. இதோ உட்கார்ந்திருக்காரே உத்திராபதி, இவரு தலையில செய்யாத குத்தத்தக் கட்டினது யாரு?"

சுப்ராயனின் பார்வை சுவரோரம் போனது. உடைந்த வாயும் மூடிய கண்ணுமாக உத்திராபதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பத்தில் கட்டி அடிக்கும்போது சுப்ராயனும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தான்.

கண்ணாடி முனை தொண்டையிலிருந்து அரை விரற்கடை விலகியது.

மாரிக்கண்ணுவுக்கு அது போதும். வெந்த தொடையோடு தரையிலிருந்து எழும்பி, இடது உள்ளங்கையால் கண்ணாடியையே பொத்திப் பிடித்தான். முனை உள்ளங்கையைத் துளைத்துப் புறங்கையில் வெளியே வந்தது. விடவில்லை. கமருன்னிசா கீழே சரிந்து விலகினாள். சுப்ராயன் மாரிக்கண்ணுவின் வெந்த வயிற்றில் முழங்காலால் இரண்டு முறை இடித்தான். மாரிக்கண்ணு வலியில் ஊளையிட்டபடியே அவன் முழங்கையை மேஜை விளிம்பில் வைத்து முழு பாரத்தையும் போட்டான். எலும்பு முறியும் சத்தம் வெளியே கூட்டத்துக்கே கேட்டிருக்கும்.

இப்ராஹிம் வந்து அவனைக் குப்புறத் தள்ளி, தன் இடுப்பு பெல்ட்டால் கால்களைக் கட்டினார்.

"பாய்," என்றான் மாரிக்கண்ணு, சுவரில் சாய்ந்து, கையில் குத்திய கண்ணாடியைப் பார்க்காமல். "இது பரீட்சைன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ பயந்து மெதுவாக் குலுக்கியிருப்பே."

"கண்ணு போயிருந்தா?"

இப்ராஹிம் தன் கைக்குட்டையைக் கிழித்து அவன் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினார். முடிச்சை இரண்டு முறை அவிழ்த்துத் திரும்பப் போட்டார்.

"அவன் தழும்பப் பாத்தப்பவே, உன் கண்ணு போக விட மாட்டான்னு நெனச்சேன்," என்றார் கடைசியில். "ஒரு தடவ அதப் பாத்தவன், இன்னொரு தடவ பாக்க மாட்டான்னு."

பன்னிரண்டே காலுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வாசலில் கூட்டம் சத்தமில்லாமல் கலைந்துகொண்டிருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒடிந்த கையைத் துணியில் தொங்கவிட்டபடி சுப்ராயனை நடத்திக்கொண்டு வந்தபோது, உத்திராபதி சுவரைப் பிடித்து எழுந்து வழியில் நின்றார். கான்ஸ்டபிள் தடுப்பதற்குள் ஓங்கி ஒரு அறை விட்டார். சுப்ராயனின் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. அவன் திரும்ப நிமிர்ந்து, இன்னொன்று வாங்கிக்கொள்வது போல் அப்படியே நின்றான்.

உத்திராபதி கையை மறுபடி ஓங்கவில்லை.

"ஒன் தம்பி பேரு என்னய்யா?" என்று கேட்டார்.

சுப்ராயனின் தாடை அசைந்தது.

"கைலாசநாதன்," என்றான். "பத்தொன்பது வயசு." கை ஒடிந்தபோது அழாதவன் அப்போது அழுதான்.

உத்திராபதி வாயில் ஊறிய ரத்தத்தை ஓரமாகத் துப்பிவிட்டு இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பினார்.

"எழுதுறப்ப அந்தப் புள்ள பேரையும் எழுதிக்குங்க சார்," என்றார். "எப்படிச் செத்துச்சுங்கிறதையும்."

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் தயங்கினார். பிறகு நோட்டைத் திறந்தார்.